வரி வரியாய் ஓர் அழுக்கு

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. நல்ல குணம்தானே என்கிறீர்களா, குழந்தைகளே? நல்ல குணம்தான். ஆனால் அதற்கு வாயை மூடிக்கொண்டு இருக்கவும் தெரியாது. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்துவிட்டால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அந்தக் காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த யாரோ ஒரு கேமராவை மறந்துவிட்டுப் போனார்கள். பொத்தானை அழுத்தினால் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும். நாக்கை நீட்டுவது போலப் படம் உடனே வெளியே வந்து விழும். அதை ஒரு மந்தி எடுத்து வைத்துக்கொண்டது. மந்திக்குப் படம் எடுக்கக் கொள்ளை ஆசை, ஆனால் அந்த வெளிச்சம் என்றால் பயம். அதனால் இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டுதான் பொத்தானை அழுத்தும்.

காட்டில் எல்லோரும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்த படத்தை நாவல் மரத்தில் மாட்ட வேண்டும் என்றால், முதலில் முள்ளம்பன்றியிடம் காட்ட வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டதும் முள்ளம்பன்றிதான்.

அது படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்க்கும். கிட்டே பிடித்துப் பார்க்கும். பிறகு தன் முதுகிலிருந்து ஒரு தடித்த முள்ளைப் பிடுங்கி, குறை எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் குத்திவிடும். முள்ளின் முனை படத்தைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்.

"இது யானையா, மழை மேகமா? தும்பிக்கை எங்க, வால் எங்க? தள்ளி நின்னிருக்கக் கூடாதா?" நறுக்.

"மயிலம்மா, தோகை அழகா இருக்கு. ஆனா நாமதான் அழகுன்னு நீ நினைக்கிறது மூஞ்சியில அப்படியே தெரியுது." நறுக்.

"ஆமையண்ணே, படம் ஆடிப்போய் மங்கலா வந்திருக்கே! நீங்க எப்ப ஓடினீங்க?" நறுக்.

மயில் சாப்பிடாமல் படுத்துவிட்டது. ஆமை ஓட்டுக்குள் போனது போனதுதான். ஆனாலும் முள்ளம்பன்றி சொன்னதெல்லாம் உண்மை. அதுதான் எல்லோருக்கும் எரிச்சல். யானை அடுத்த முறை தள்ளி நின்றது. படத்தில் வால் நுனி வரைக்கும் விழுந்தது.

அந்த நன்றியில் யானை ஒருநாள் அக்கறையாகக் கேட்டது. "ஏம்ப்பா, உன் முதுகுல முள்ளு குறைஞ்சுக்கிட்டே வருதே. ஆபத்து வந்தா என்ன பண்ணுவே?"

"கலைக்காகக் குடுக்கிறேன்" என்றது முள்ளம்பன்றி. முதுகு பாதி வழுக்கையாகிவிட்டதில் அதற்குக் கொஞ்சம் பெருமைகூட.

இப்படி இருக்கும்போது ஒரு தாய் முயல் படத்தோடு வந்தது. அதற்கு நாலு குட்டிகள்.

"அண்ணே, எங்க பிள்ளைங்க வளர்றது உங்களுக்குத் தெரியாததா? இன்னும் கொஞ்ச நாள்ல ஆளுக்கொரு புதரைப் பார்த்துப் போயிடும். அதுக்குள்ள நாலும் ஒண்ணா இருக்கிற மாதிரி ஒரே ஒரு படம், முள்ளு குத்தாத படம், மரத்துல மாட்டிடணும்." இதைச் சொல்லும்போதே முயலின் மீசை நடுங்கியது.

முள்ளம்பன்றி பார்த்தது. ஒரு புதருக்கு முன்னால் நாலு குட்டிகளும் காதைத் தூக்கிக்கொண்டு சிரித்தன.

"பிள்ளைங்க நல்லா இருக்கு. ஆனா பின்னால பாரு, புதர் ஓரத்துல வரி வரியா ஏதோ அழுக்கு. மஞ்சளும் கறுப்புமா. கண்ணை உறுத்துது."

"அது என்ன அண்ணே?"

"என்னவா இருந்தா என்ன? படத்துல இருக்கக் கூடாது, அவ்வளவுதான்." நறுக். முள் சரியாக அந்த அழுக்கின் மேலேயே இறங்கியது. அதற்குப் பிறகு முயல் எவ்வளவு உற்றுப் பார்த்தும் முள்தான் தெரிந்தது.

மறுநாள் வேறு படம் வந்தது.

"சொன்னேனா இல்லையா? அழுக்கு போகவே இல்லை. நேத்தைவிடப் பெருசாயிருக்கு." நறுக், நறுக்.

அடுத்த படத்தைப் பார்த்ததும் அதற்குக் கோபமே வந்துவிட்டது. "இப்ப புதருக்குள்ள ரெண்டு விளக்கு எரியுது. பகல்ல யாரு உன்னை விளக்கு ஏத்தச் சொன்னா?"

"நாங்க ஏத்தலையே, அண்ணே."

"பொய் சொல்லாதே. பளபளன்னு தெரியுது பாரு." விளக்குக்கு ஒன்றாக இரண்டு முள் இறங்கின.

அதற்கும் அடுத்த படம் இன்னும் மோசம். "வெள்ளை வெள்ளையா, கூர்மையா, மேல ஒரு வரிசை, கீழ ஒரு வரிசை. நடுவுல செக்கச் செவேர்னு ஈரத்துணி. துவைச்ச துணியைப் புதர்ல காயப்போட்டுட்டா படம் எடுப்பாங்க?" மிச்சமிருந்த முட்கள் எல்லாம் அந்தப் படத்துக்கே சரியாகப் போய்விட்டன.

குழந்தைகளே, உங்களுக்கு எப்போதோ புரிந்துவிட்டது. எனக்கும் கத்தவேண்டும் போலத்தான் இருக்கிறது. என்ன செய்வது, கதைக்குள் இருப்பவர்களுக்கு நம் குரல் கேட்காதே!

அது ஒரு கிழப் புலி. ஒவ்வொரு நாளும் பதுங்கிப் பதுங்கி, பாயப்போகும் நேரத்தில் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும். புலிக்குக் கண்ணைக் கட்டிவிடும். கண் தெளிவதற்குள் முயல் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு குறை கேட்க ஓடியிருக்கும். புலி பசியோடு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து படுத்துக்கொள்ளும்.

முயல் அழுதுவிட்டது. "எனக்குக் கொடுத்து வைக்கலை, அண்ணே. படமே வேண்டாம், விட்டுடுறேன்."

முள்ளம்பன்றிக்கு மனம் கரைந்தது. அது ஒன்றும் கெட்ட பிராணி இல்லை. "அழாதே. நானே வந்து அந்த அழுக்கைத் துடைச்சுக் குடுக்கிறேன். பழைய படங்களைக் கட்டி எடுத்துக்கிட்டு வா. எங்கெங்க அழுக்குன்னு வச்சுப் பார்த்துக்கலாம்."

எல்லோரும் புதருக்குப் போனார்கள். குட்டிகள் உட்கார்ந்து காதைத் தூக்கிக்கொண்டன. மந்தி கண்களை மூடிக்கொண்டது. முள்ளம்பன்றி ஒரு தேக்கு இலையை ஓடையில் நனைத்து எடுத்துவந்து, புதருக்குள் தெரிந்த அழுக்கை மும்முரமாகத் துடைத்தது.

அழுக்கு சூடாக இருந்தது. முள்ளம்பன்றி இன்னும் அழுத்தித் தேய்த்தது. அழுக்கு உறுமியது.

சத்தம் கேட்ட பயத்தில் மந்தி பொத்தானை அழுத்திவிட்டது. பளிச்!

"யாரடா என் மூக்கைத் துடைத்தது?" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே புலி எழுந்து நின்றது.

குட்டிகள் பயத்தில் உட்கார்ந்த இடத்திலேயே உறைந்துவிட்டன. முள்ளம்பன்றி பாய்ந்து அவற்றுக்கு முன்னால் நின்று, புலிக்கு முதுகைக் காட்டி முள்ளை விரித்தது. சலசலவென்று சத்தம் வர வேண்டுமே? வரவில்லை. முதுகில் காற்றுதான் சில்லென்று பட்டது.

'ஐயோ, இத்தனை நாளும் நான் பார்த்தது இதையா! பச்சைப் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப இதன் வாயிலேயே கொண்டுவந்து உட்கார வைத்தேனே' என்று பதறியது அது. முயலின் கையில் இருந்த படக்கட்டு அப்போதுதான் கண்ணில் பட்டது. அதை வாங்கிக்கொண்டு புலியின் பக்கம் திரும்பியது.

"கொஞ்சம் பொறுங்க, ராஜா. இந்தப் படத்துல எல்லாம் நீங்க இருக்கீங்க."

"நானா? படத்திலா?" புலி திறந்த வாயை மூடியது. அது தன் முகத்தைக் கலங்கல் தண்ணீரில் பார்த்ததோடு சரி. "எப்படி விழுந்திருக்கிறேன்? மறைக்காமல் சொல்."

மறைத்துப் பேச முள்ளம்பன்றிக்கு எங்கே தெரியும்? "எல்லாத்துலயும் குறைதான். குறை இருக்கிற இடத்துல முள்ளு குத்தியிருக்கேன். உங்க மூஞ்சியிலதான் நிறைய. கிட்ட வந்து பாருங்க."

"என் முகத்திலா குறை?" புலிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுவந்தது.

முள்ளம்பன்றி படக்கட்டைச் சட்டென்று திருப்பி, முனைகள் எல்லாம் முன்னால் இருக்க, உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து அந்த மூக்கில் ஓங்கி அப்பியது.

நறுக், நறுக், நறுக்!

புலி போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த நாவல்பழம் எல்லாம் உதிர்ந்தது. மூக்கில் முயல் குடும்பத்துப் படங்கள் ஆட ஆட, அது காட்டைக் கிழித்துக்கொண்டு ஓடியது. எதிரே வந்த யானை, "அட, முயல் பிள்ளைங்களா! படம் நல்லா வந்திருக்கே!" என்று வழிவிட்டு நின்றது.

மந்தி கண்ணைத் திறந்தபோது, காலடியில் ஒரு புதுப் படம் கிடந்தது. முயலிடம் இப்போது மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

செய்தி பரவி, எல்லோரும் நாவல் மரத்தடியில் கூடினார்கள். மயில் எழுந்து வந்தது. ஆமைகூடத் தலையை நீட்டியது. படத்தில் நாலு குட்டிகளும் அழகாகச் சிரித்தன. அவற்றுக்குப் பின்னால், வாயைப் பிளந்த புலி காது முதல் மீசை வரை முழுசாக விழுந்திருந்தது. புலிக்குப் பக்கத்தில் வழுக்கை முதுகோடு முள்ளம்பன்றி தேக்கு இலையால் அதன் மூக்கைக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தது.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கி அடக்கி யானைக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அண்ணே, குறை ஏதாவது இருக்கா?" என்று முயல் மெல்லக் கேட்டது.

முள்ளம்பன்றி படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தது. கிட்டே பிடித்துப் பார்த்தது. பழக்கத்தில் கை முதுகுக்குப் போய், ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்தது.

"படத்துல குறை இல்லைம்மா" என்றது அது. "பார்த்தவன்கிட்டதான்."

பிறகு தானே மரத்தில் ஏற முயன்று, முடியாமல் மந்தியிடம் கொடுத்து, அந்தப் படத்தை எல்லாவற்றுக்கும் மேலே மாட்டச் சொன்னது.

நீதி: குறை கண்டுபிடிக்கும் அவசரத்தில், கண்ணெதிரே இருப்பது என்ன என்று பார்க்க மறக்காதே.