கொல்லைக்கு வந்த நாற்பது கறுப்புப் பறவைகள்

காக்கையும் மனிதனும் ஒரே கிணற்றில் தண்ணீர் குடித்த காலம். மருதவேலி என்றொரு ராஜ்யம். அங்கே வடிவாள் என்று ஒரு பெண்ணும், அவள் தம்பி சாத்தனும் இருந்தார்கள். அப்பா அம்மா இல்லை. சோறு வெந்ததும் சாத்தன் முதல் பிடியைக் கொல்லைக் கிணற்றுச் சுவரில் வைப்பான். காக்கை எடுத்த பிறகு, "அம்மா சாப்பிட்டாச்சுக்கா" என்பான். அப்புறம்தான் அவன் வாய்க்குள் சோறு போகும்.

ஒருநாள் தூமன் என்ற மந்திரவாதி வந்து நின்றான்.

"சோறு போடு."

"செத்த இருங்க சாமி. காக்கா எடுக்கட்டும்" என்றான் சாத்தன்.

"காக்கைக்கு அப்புறம்தான் நானா? அப்படியானால் நீயும் கறுப்பாய்ப் பற."

ஒரு பிடி சாம்பலை ஊதினான். சாத்தன் நின்ற இடத்தில் ஓர் இறகு கிடந்தது.

வடிவாள் மந்திரவாதியின் காலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. தூமன் சலித்துப்போய்ச் சொன்னான்:

"உன் தம்பியோடு சேர்த்து என்னிடம் நாற்பது கறுப்புப் பறவைகள் உண்டு. எல்லாம் மனிதர்களாய் இருந்தவைதான். மூன்று நாள் உன் கொல்லைக்கு வரும். நாளுக்கு ஒன்றைத் தொட்டு, உன் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிடு. அவன்தான் என்றால் உனக்கே திரும்பக் கிடைப்பான். அவனுக்கு உன்னைத் தெரியாது, தன் பேர் மட்டும் தெரியும். ஆனால் ஆள் மாறிக் கூப்பிட்டால், அந்தப் பறவை தன் பேரையே மறந்துவிடும்."

முதல் நாள். முருங்கைக் கிளையில் மண்தட்டைக் கட்டிச் சோறு வைத்தாள். நாற்பதும் வந்து இறங்கின. காக்கை, குயில், கரிச்சான், எல்லாமே கறுப்பு.

"கறுப்பே, கறுப்பே, கூடப் பிறந்த பிறப்பே, எது நீ?"

ஒரு காக்கைக்கு மட்டும் இறக்கையில் ஒற்றை வெள்ளை இறகு. சாத்தன் தோளிலும் வெள்ளையாய் ஒரு மச்சம் உண்டு. தொட்டாள். "சாத்தா."

அந்தக் காக்கை நடுங்கியது. எதையோ தொலைத்தது போல இப்படியும் அப்படியும் பார்த்தது. அவ்வளவுதான்.

இரண்டாம் நாள். "கறுப்பே, கறுப்பே, கூடப் பிறந்த பிறப்பே, எது நீ?"

இரட்டைவால் கரிச்சான் ஒன்று சாத்தன் மாதிரியே சீட்டியடித்தது. ஓடிப்போய்த் தொட்டாள். "சாத்தா." அதுவும் நடுங்கி, அதுவும் தேடிப் பார்த்தது.

வேலிக்கு அப்பால் இருந்து எண்ணெய்க்காரி செண்பகம் கேட்டாள்: "வித்தியாசமா இருக்கிறதையே பொறுக்கிறியே வடிவு, உன் தம்பி என்ன அவ்வளவு பெரிய அதிசயமா? முருங்கைக்காய் திருடித் தின்ன பயதானே?"

வடிவாளுக்குச் சிரிப்பு வந்து அழுகையாய் முடிந்தது. "ரெண்டு பேரைக் கெடுத்துட்டேன் மதினி."

"முதல்ல ஒரு வாய் சாப்பிடு. கண்ணு இருட்டினா எதுடி தெரியும்?"

மூன்றாம் நாள். "கறுப்பே, கறுப்பே" என்று ஆரம்பித்தவள் பாட்டைப் பாதியிலேயே விட்டாள். சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்தொன்பதும் அடித்துப் பிடித்துத் தின்றன. ஒன்றே ஒன்று, எந்த அடையாளமும் இல்லாத சாதாரணக் காக்கை, ஒரு பருக்கையைக் கவ்வியது. விழுங்கவில்லை. கிணற்றுச் சுவரில் கொண்டுபோய் வைத்தது. இரண்டடி பின்வாங்கிக் காத்திருந்தது. வேறொரு காக்கை வந்து எடுத்த பிறகே தட்டுக்குத் திரும்பியது.

வடிவாள் மெல்லத் தொட்டாள். "சாத்தா, அம்மா சாப்பிட்டாச்சாடா?"

"சாப்பிட்டாச்சுக்கா" என்றான் சாத்தன், மனிதக் குரலில்.

மந்திரம் உடைந்தது. தூமன் தன் சாம்பலோடு சாம்பலாய் உதிர்ந்தான். தன் பேர் தெரிந்த பறவையெல்லாம் மனிதராகி ஊர் திரும்பின. பேர் மறந்த இரண்டு மட்டும் முருங்கையிலேயே உட்கார்ந்திருந்தன.

அன்றிலிருந்து வடிவாள் மூன்று பிடி வைத்தாள். அம்மாவுக்கு ஒன்று, அவை இரண்டுக்கும் ஒவ்வொன்று. வழிப்போக்கர் எல்லாரிடமும், "உங்க ஊர்ல காணாமப் போனவங்க யாரு?" என்று கேட்பாள். கேட்ட பேர்களைத் தினமும் அவற்றிடம் சொல்லிப் பார்ப்பாள்.

ஒன்பதாம் வருஷம் ஒருநாள், "முத்தழகு" என்றாள். வெள்ளை இறகுக் காக்கை திரும்பிப் பார்த்தது. தலை நரைத்த ஒரு மனிதர் கீழே இறங்கி நின்றார்.

"என் மகள் தொட்டிலில் கிடந்தாள். எழுந்திருப்பாளா இப்போது?" என்று கேட்டார்.

வடிவாள் உள்ளே போய் இலை போட்டாள். சாத்தன் அவருக்குச் சோறு போட்டு, வழி காட்டி அனுப்பினான்.

கரிச்சான் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் சாத்தன் மாதிரியே சீட்டியடிக்கிறது. சாத்தனும் பதிலுக்கு அடிக்கிறான்.

கதை கேட்டவர்களே, உங்கள் ஊரில் யாராவது தொலைந்துபோயிருந்தால், பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். வடிவாள் நாளைக்குச் சொல்லிப் பார்ப்பாள்.