தொப்பூர்க் கணவாயில் நின்ற ஆளில்லா லாரி

முட்டை லோடு பெங்களூருக்கு ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை கிடையாது என்று முதலாளி நாச்சிமுத்து முன்பே சொல்லியிருந்தார். நாமக்கல் ஷெட்டுக்குள் லாரியைத் திருப்பும்போதே டிரைவர் செங்கோடனுக்கு அந்த எச்சரிக்கைதான் நினைவில் ஓடியது. வாய் மட்டும் எப்போதும் போலத் தெம்பாக இருந்தது.

"லேட்டானதுக்கு நானுங்களா காரணம்? தொப்பூர் கணவாய்ல ஒரு ஆளில்லா லாரி ரோட்ட மறிச்சுட்டு நின்னுருச்சுங்க" என்று முதலாளியிடம் ஆரம்பித்தான்.

யாரோ ஒரு கம்பெனிக்காரர்கள் வெள்ளோட்டம் விட்ட லாரியாம். தலையில் சுழலும் லேசர் கண், சுற்றிலும் கேமரா, வழி சொல்ல சாட்டிலைட். எல்லாம் இருந்தும், அமாவாசைக்கு யாரோ உடைத்த திருஷ்டிப் பூசணியின் குங்குமச் சிவப்பைப் பார்த்து, ஆள் அடிபட்டுக் கிடப்பதாக நினைத்து நின்றுவிட்டதாம். நாற்பது இன்ஜினியர்கள் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுதார்களாம். செங்கோடன் போய் கேமராவுக்கு நேராகக் குனிந்து, இது பூசணி, ஒதுங்கிப் போ என்றானாம். உடனே கிளம்பிவிட்டதாம்.

டீ குடித்துக்கொண்டிருந்த பஞ்சர் கடை பீர்முகமது, லாரிக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டது என்றான் செங்கோடன். அதோடு விட்டிருக்கலாம். கேட்க ஆள் இருக்கும்போது அவனால் முடியுமா? பத்து கிலோமீட்டருக்குள் அந்த லாரி இவனைப் பார்த்தே ஹாரன் அடிக்கப் பழகி, டீக்கடையைக் கண்டால் தானாக ஓரங்கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் நகரமாட்டேன் என்று அடம்பிடித்ததாம். தர்மபுரி தாண்டியதும் சாட்டிலைட்டே குழம்பிப்போய் இவன் செல்லுக்குப் போன் போட்டு, "அண்ணா, அடுத்து லெஃப்ட்டுங்களா, ரைட்டுங்களா?" என்று கேட்டதாம்.

நாச்சிமுத்து தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். வண்டிகளில் ஜிபிஎஸ் பெட்டி மாட்டியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை லாரி நின்ற இடம் காரிமங்கலம் என்று காட்டியது. செங்கோடனின் மாமனார் ஊர் அது; அன்றைக்கு அங்கே கோயில் திருவிழா.

"கெடா வெட்டு நல்லா நடந்துச்சா?" என்றார்.

செங்கோடன் போனை எட்டிப் பார்த்தான். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"அதத்தாங்க சொல்ல வந்தேன். அந்த லாரியப் பாத்து நம்ம வண்டியும் கத்துக்கிச்சுங்க. காரிமங்கலத்துக்குத் தானாவே திரும்பிருச்சு. நானும் எத்தன பிரேக்குத்தான் போடறது?"

"அப்ப நம்ம வண்டி தானாவே போகுது."

"சும்மா பறக்குதுங்க."

"அப்பறம் எனக்கு டிரைவர் எதுக்கு? சாவிய வெச்சுட்டுப் போ."

பீர்முகமது டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். செங்கோடன் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். உண்மை பேசிப் பழக்கமில்லாததால் குரல் கொஞ்சம் திக்கியது.

"ஓட்டுனது நான்தானுங்க."

நாச்சிமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த முட்டை லோடு இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

"ஏறு. வழியில பூசணி கெடந்தாலும் நிக்காத, மாமனார் கெடந்தாலும் நிக்காத."