வெள்ளரியின் கழுத்து

அந்தக் காலத்தில் கொடிகளுக்கும் விதைகளுக்கும் வாய் இருந்தது. பூசணி பேசத் தொடங்கினால் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். பாகற்காய் யாரிடமும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. மாசி பிறந்து வெயில் ஏறியதும் விதைகள் எல்லாம் வீட்டு வேலியோரம் வந்து நின்று தங்கள் பெருமையை அளக்கும். எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம். ஆனால் வீட்டுக்காரி, "உன் குறை என்ன?" என்று கேட்டால் மட்டும் பொய் சொல்லக் கூடாது. அதைக் கேட்ட பிறகே விதையை மண்ணில் ஊன்ற வேண்டும் என்பது வழக்கம்.

உலகம்மையின் கொல்லையில் அந்த வருடம் ஒரே ஒரு கொடிக்குத்தான் தண்ணீர் இருந்தது. கிணறு வற்றிவிட்டது. அரிசி களைந்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும்தான் ஊற்ற வேண்டும். ஆகவே எந்த வெள்ளரியை வைப்பது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

"நான் கக்கரி. முழங்கை நீளம் காய்ப்பேன். ஒரு நாள் தண்ணி தவறினா கோணிப்போயிடுவேன், அதான் என் குறை" என்றது முதல் விதை.

"நான் பிஞ்சு வெள்ளரி. கடிச்சா மொறுமொறுன்னு இருப்பேன். பறிக்க மறந்தா வெறும் விதைதான்" என்றது அடுத்தது.

"நான் பழ வெள்ளரி. பழுத்து வெடிச்சா வெல்லம் போட்டுத் தின்னலாம். ஆனா வாசனைக்கு நரி வரும்" என்றது மூன்றாவது.

"பழ வெள்ளரியையே வைப்போம் புள்ள. நரியை நான் பார்த்துக்கிறேன்" என்றான் கணவன் சடையன். சின்ன மகள் செவ்வந்தி வெல்லம் என்றதும் குதித்தாள். உலகம்மை எதற்கும் முகம் கொடுக்கவில்லை. போன கோடையில் அம்மை கண்டு மூத்த மகள் வெள்ளையம்மா போய்விட்டாள். அதன்பிறகு அவளுக்கு வெல்லமும் ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான்.

மற்றவர்கள் உள்ளே போன பிறகும் வேலிக்கு வெளியே ஒரு விதை நின்றது. கறுத்த விதை. அது பெருமை பேசவில்லை.

"உனக்கு என்ன வேணும் தாயி?" என்று கேட்டது.

ஒரு வருடமாக அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "எம்மவ என்னை அம்மான்னு கூப்பிடணும்" என்றாள்.

"கூப்பிடுவா. என்னை ஊனு."

குறை என்ன என்று அவள் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்பார்கள். எனக்கென்னவோ, பதிலுக்குப் பயந்துதான் கேட்கவில்லை என்று தோன்றுகிறது. பெற்ற வயிறு அல்லவா!

கொடி கிடுகிடுவென்று பந்தல் ஏறியது. முதல் காய் திரண்ட அன்று உச்சிவெயிலில், ஒரு காக்கை கூடக் கத்தாத நேரத்தில், காம்பை ஒட்டிய கழுத்திலிருந்து குரல் வந்தது.

"அம்மா."

வெள்ளையம்மாவேதான். "அம்மா, தலை பின்னிவிடு" என்றது. உலகம்மை அழுதுகொண்டே கொடியின் சுருள்களுக்கு எண்ணெய் தடவிப் பின்னிவிட்டாள். மறுநாளும் பின்னினாள். பிறகு அடுப்படியை மறந்து அங்கேயே கிடந்தாள். சடையன் அரிவாளோடு வந்தபோது குறுக்கே விழுந்து மறித்தாள்.

"அது நம்ம புள்ள இல்ல, உலகு" என்றான் அவன். அரிவாளை அங்கேயே போட்டுவிட்டுப் போனான்.

காய்கள் பெருகப் பெருகப் பேச்சும் பெருகியது. வீட்டுக்குள் செவ்வந்தி முதலில் பாடுவதை நிறுத்தினாள். பிறகு கேள்வி கேட்பதை நிறுத்தினாள். பிள்ளை அடங்கிவிட்டது என்று உலகம்மை நினைத்தாள், அவ்வளவுதான்.

ஒரு நண்பகல், பந்தலிலிருந்து வீறிட்ட சத்தம் கேட்டது. "அம்மா! தேள் கொட்டிருச்சு!"

உலகம்மை பதறி இலைகளை விலக்கினாள். தேளும் இல்லை, பூச்சியும் இல்லை. காய் மட்டும் அலறிக்கொண்டே இருந்தது. எதற்கோ திரும்பிப் பார்த்தாள். கொல்லை வாசற்படியில் செவ்வந்தி பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

உலகம்மை காயின் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் கேட்டாள், "உன் குறை என்ன?"

"எனக்குன்னு குரல் கிடையாது" என்றது காய். "இந்த வீட்டுல இருக்கிறதை எடுத்துத்தான் தர முடியும். இன்னும் கொஞ்சந்தான் மிச்சம்."

அவள் அரிவாளை எடுத்தாள். உடனே காய் மூத்தவளின் குரலில் கெஞ்சியது. "அம்மா, என்னை அறுக்காதே. நான் மறுபடியும் போகணுமா?"

உலகம்மை கழுத்தோடு சேர்த்து அறுத்தாள். அறுத்த துண்டு உள்ளங்கையிலும் பேசியது. அதைக் காயின் வெட்டுவாயிலேயே வைத்து அழுத்தி, சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். வெள்ளை வெள்ளையாக நுரை கிளம்பியது. "அம்மா" என்றது. இன்னும் தேய்த்தாள். "அம்..." என்றது. கண்ணீர் நுரையில் விழ, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். நுரை நின்றதும் குரலும் நின்றது. அடுத்த காயை எடுத்தாள். கடைசிக் காய் அடங்கியபோது முதுகுக்குப் பின்னால் செவ்வந்தி ஊரே கேட்கும்படி அழுதாள். உலகம்மை ஓடிப்போய் அவளை அணைத்துக்கொண்டாள். இரண்டு மகள்களுக்கும் சேர்த்து அன்றைக்குத்தான் அழுது தீர்த்தாள்.

கொடியைச் சடையன் வேரோடு பிடுங்கி எரித்தான். ஆனால் அதுவரை அந்தக் கோடையில் வண்டுகள் அதன் பூவிலும் உட்கார்ந்திருந்தன, ஊரிலிருந்த மற்ற வெள்ளரிப் பூக்களிலும் உட்கார்ந்திருந்தன. எதில் எது கலந்தது என்று யாருக்கும் தெரியாது. விதைகளைக் கேட்கலாமென்றால், நடந்ததைக் கண்டு பயந்து அவையும் வாயை மூடிக்கொண்டன.

அன்று முதல்தான், கக்கரியோ பிஞ்சோ எந்த வெள்ளரியானாலும், பெண்கள் காம்புப் பக்கத்தை அரிந்து, நுரை வரும்வரை தேய்த்த பிறகே நறுக்குகிறார்கள். கேட்டால் கசப்பு போவதற்கு என்பார்கள். அந்தத் துண்டைப் பிள்ளைகள் கையில் மட்டும் கொடுப்பதில்லை.