தாளும் சீட்டும்

சவரிமுத்து டாக்டரின் கண்ணுக்குத் தப்பிய நோய் ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால், அதை முதலில் மறுப்பவர் சவரிமுத்து டாக்டராகத்தான் இருப்பார். இருபத்தாறு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்தவர். வாசலில் ஏறி வருகிற ஆளின் நடையைப் பார்த்ததுமே மருந்துச் சீட்டில் பேனாவை வைத்துவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது என்பதுதான் தொந்தரவு.

ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு ஆராய்ச்சிப் பட்டத்தின் மேல் ஆசை வந்தது. வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியர் தில்லைநாயகி அவரைவிட எட்டு வயது இளையவர். மனதை அளக்கும் கேள்வித்தாள்கள் உண்மையில் அளக்கின்றனவா என்று சோதிப்பது அவர் வேலை. டாக்டர் அவரை மேடம் என்றார். அவர் இவரை டாக்டர் என்றார். குரு யார், சீடர் யார் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் குழம்பினார்கள். உள்ளே அந்தக் குழப்பம் இல்லை.

ஆராய்ச்சி ஒரே ஒரு தாளைப் பற்றியது. அதில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, மனசு எப்படி என்று போய், செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பதில் முடியும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். கூட்டினால் பத்தோ அதற்கு மேலோ வந்தவருக்கு மனச்சோர்வு இருக்கிறது, அவரைக் கவனிக்க வேண்டும் என்று பொருள். வேறு தேசத்தில் செய்த தாள். தமிழில் கேட்டால் நம் ஜனங்களிடம் அது எடுபடுமா என்று கண்டுபிடிப்பதுதான் சவரிமுத்து ஏற்றுக்கொண்ட காரியம்.

தொடக்கமே சறுக்கியது. முதல் கேள்வியை "எதிலும் பிடிப்பில்லாமல் இருந்ததா?" என்று டாக்டர் அழகாக மொழிபெயர்த்திருந்தார். ஆலங்குளத்துப் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் தாளைக் கொடுத்தார். ஒரு அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பிடிப்புக்கா பஞ்சம் ஐயா? இடுப்புல நாலு மாசமா புடிச்சுல்லா கெடக்கு" என்றார். எண்ணிப் பார்த்தால், பத்தொன்பது பேர் அப்படி இடுப்பையும் முதுகையும் நினைத்தே பதில் போட்டிருந்தார்கள்.

தில்லைநாயகி சிரிக்கவில்லை. மனசு சரியில்லாத நாளில் அந்த அம்மாள் அதை வீட்டில் எப்படிச் சொல்வார் என்று கேட்டுவரச் சொன்னார். "எதுலயும் மனசு ஒட்டல" என்று பதில் வந்தது. அதுவே கேள்வியாயிற்று.

பிறகு வேலை ஓடியது. இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் அதே தாளை மறுபடியும் கொடுத்தார். பதில்கள் பெரும்பாலும் மாறவில்லை. டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது.

"தாள் நம்பகமானது மேடம். சொன்னதையே திரும்பச் சொல்லுது."

"கெட்டுப்போன எடை மிஷினும் தினம் ஒரே எடையைத்தான் காட்டும் டாக்டர். அது நம்ம எடைதானான்னு பார்க்கணும்."

அதற்கும் ஒரு வழி இருந்தது. நூற்று நாற்பது பேர் தாளைப் பூர்த்தி செய்தார்கள். தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே டாக்டர் ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும் மனச்சோர்வு உண்டா இல்லையா என்று ஒரு சீட்டில் எழுதி மடித்து வைத்தார். கடைசியில் தாளும் சீட்டும் ஒத்துப்போனால் தாள் பிழைத்தது.

ஒத்துத்தான் போயின, பதினேழு பேரைத் தவிர. அந்தப் பதினேழு பேருக்கும் தாள் "உண்டு" என்றது. டாக்டரின் சீட்டு "இல்லை" என்றது.

டாக்டருக்குச் சுருக்கென்றது. பதினேழு முகமும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. பஸ் கண்டக்டர் ஆவுடையப்பன் அவர்களில் ஒருவர். அரை மணி நேரமும் டாக்டரை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த மனிதர். தாளில் அவருக்குப் பதினாறு. இதை எந்த மடையன் நம்புவான் என்று டாக்டர் நினைத்தார். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஒரு குறிப்பு எழுதினார். கேள்வி புரியவில்லை. விளையாட்டாகப் போட்டிருக்கிறார். இரக்கம் தேடுகிறார். எல்லாவற்றுக்கும் கீழே தன் முடிவையும் எழுதினார்: இந்தத் தாள் இல்லாத சோகத்தை இருப்பதாகச் சொல்கிறது, இந்தப் பதினேழு பேரையும் மேற்கொண்டு யாரும் பார்க்கத் தேவையில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தக் குறிப்புகளோடு துறைக்குப் போனார். தில்லைநாயகி ஒரு பெயர் விடாமல் படித்தார்.

"பதினேழு இடத்துலயும் தாள் தப்பு, உங்க கண் சரி. அப்படித்தானே?"

"டாக்டர் நேர்ல பார்த்துச் சொல்றதை வச்சுத்தான் தாளைச் சோதிக்கணும்னு நீங்கதானே மேடம் சொல்லிக்கொடுத்தீங்க."

"சொன்னேன். அந்த டாக்டரை எதை வச்சுச் சோதிக்கிறது?"

சவரிமுத்துவுக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அதையும் மேடமே சொன்னால் நல்லது என்று கொஞ்சம் விறைப்பாகச் சொன்னார்.

தில்லைநாயகி குறிப்புகளை மூடி வைத்தார். தன்னை எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்டார். மூன்று வருஷம் ஆகப் போகிறது, வாரத்துக்கு இரண்டு நாள் என்றார் டாக்டர். அரை மணி நேரத்தைவிட அது அதிகம்தானே என்று கேட்டார். அதிலென்ன சந்தேகம் என்றார் டாக்டர்.

"அப்ப எனக்கு மனச்சோர்வு உண்டா, இல்லையா? வழக்கம்போல எழுதி மடிச்சு வைங்க."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. துறையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறவர். சொன்ன தேதியில் விடைத்தாள் திருத்திக் கொடுக்கிறவர். மாணவர்களை வெளுத்து வாங்குவதைக்கூட மலர்ந்த முகத்தோடு செய்கிறவர். இவருக்கு மனச்சோர்வு என்றால் ஊரில் ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள். சீட்டில் "இல்லை" என்று எழுதினார். அடியில் ஒரு கோடும் போட்டு மடித்து வைத்தார்.

தில்லைநாயகி கேள்வித்தாள் கட்டிலிருந்து பூர்த்தி செய்யாத ஒன்றை உருவினார். அவரே திருத்திக் கொடுத்த கேள்விகள்தான். மனப்பாடமாகத் தெரிந்தவை. ஆனாலும் ஒவ்வொன்றையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் பதில் போட்டார். ஆறாவது கேள்வியில், தன்னையே மட்டமாக நினைப்பதைப் பற்றிக் கேட்கும் இடத்தில், பேனா சற்று நின்று பிறகு எழுதியது. எடுத்துக்காட்டுக்கு எந்த எண் பொருந்தும் என்று யோசிக்கிறார் போல என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

தாளை டாக்டர் பக்கம் தள்ளிக் கூட்டச் சொன்னார். டாக்டர் கூட்டினார். பத்தொன்பது வந்தது.

"புரியுது மேடம். எனக்குப் புரியணும்னு போட்டுக் காட்டுறீங்க."

தில்லைநாயகி மேசையின் இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதே ஒன்பது கேள்விகள், அதே கையெழுத்து. தேதி பதினைந்து நாள் முந்தியது. கூட்டல் இருபது.

டாக்டர் இரண்டு தாளையும் வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்தார். ஒன்பதாவது கேள்விக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. இரண்டிலும் ஒன்று என்று இருந்தது.

"மேடம், இந்த ஒன்பதாவது..."

"சில நாள். எல்லா நாளும் இல்ல." ஆய்வேட்டில் பிழை திருத்துகிற அதே குரலில்தான் சொன்னார்.

எங்கே கோட்டை விட்டோம் என்று சவரிமுத்து மூன்று வருஷத்தையும் மனதில் புரட்டிப் பார்த்தார். கலங்கிய கண், பாதியில் நின்ற பேச்சு, ஒரு பெருமூச்சு, எதுவும் அகப்படவில்லை. அகப்படாததுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது. ஆவுடையப்பன் நினைவுக்கு வந்தார். தான் அவ்வளவு சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

"யார்கிட்டயும் சொல்லலையா மேடம்?"

"யாரும் கேக்கல டாக்டர். எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க. நல்லா இருக்கேன்னு சொல்லிடுவேன். இந்தத் தாள்தான் தூங்குனியா, சாப்பிட்டியான்னு ஒண்ணொண்ணா கேட்டுச்சு."

மடித்து வைத்த சீட்டு மேசையின் மேல் இருந்தது. அதைப் பிரிக்கும்படி அவர் சொல்லவில்லை. டாக்டரே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக ஒரு பதற்றமும் இருந்தது. மனிதருக்குப் பதற்றம் வந்தால் ஏதாவது செய்தாக வேண்டும். குறிப்புகளை அள்ளிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். எழுதியதையெல்லாம் அடித்துவிடுவதாகச் சொன்னார். ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போனாலும் போகட்டும் என்றார்.

"இப்பவே கிளம்புறேன் மேடம். அந்தப் பதினேழு பேரையும் ஒருத்தர் விடாம தேடிப் பார்த்துட்டுத்தான் வருவேன்."

கதவு வரை போய்விட்டார்.

"பதினெட்டு பேர், டாக்டர்" என்றார் தில்லைநாயகி.