ஆள்காட்டி ஏன் கூடு கட்டுவதில்லை

அந்தக் காலத்தில் பறவைகளும் வீடு கட்டி, வாசல் வைத்து, விருந்தாளியோடு வாயாரப் பேசிக்கொண்டிருந்தன. கிரேக்கக் கடலில் ஒரு தீவு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் கால் கழுவத் தண்ணீர், பிறகு வயிறார ரொட்டி, அத்திப்பழம். அதற்கப்புறம்தான் நீ யார், எந்த ஊர் என்று கேட்கலாம். பசித்தவனிடம் பெயர் கேட்பது பாவம் என்று நேற்றுப் பொரித்த குஞ்சுக்குக்கூடத் தெரியும்.

கரையோர வீட்டில் மெலித்தா என்ற ஆள்காட்டிக் குருவி இருந்தாள். கடல் தாண்டிப் போன அவள் புருஷன் நிக்கோன் திரும்பவே இல்லை. யாராவது அவனைப் பற்றிச் சேதி கொண்டுவர மாட்டார்களா என்ற ஆசையில் வந்தவர்க்கெல்லாம் விருந்து வைத்தாள். அந்த ஆசை ஊருக்கே தெரிந்துபோயிற்று. காக்கையும் பருந்தும் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு, அவனைப் பார்த்தேன், இதோ வந்துவிடுவான் என்று வாய்கூசாமல் புளுகிவிட்டுப் போயின. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியவள்தான், பாவம், எத்தனை நாள் ஏமாறுவாள்? கடைசியில் கதவைத் தாழிட்டாள். இனிமேல் பெயரும் சேதியும் முதலில், சோறு தண்ணீர் பிறகு என்று முடிவுகட்டினாள்.

மறுநாள் மத்தியானம் ஒரு நாரை வாசலில் வந்து விழுந்தது. இறக்கையெல்லாம் உப்பு. அலகைத் திறந்தது, மூடியது, குரல் வரவில்லை.

"நீ யார்? எந்த ஊர்? சொன்னால்தான் தண்ணீர்," என்றாள் மெலித்தா உள்ளேயிருந்து.

நாரை கழுத்தை நீட்டிக் கடலைக் காட்டியது. இதுவும் நடிப்புதான் என்று அவள் அசையவில்லை. வெகுநேரம் சத்தமே இல்லாமல் போகவும் கதவைத் திறந்து பார்த்தாள். நாரையின் உயிர் போயிருந்தது.

பின்னாலேயே ஒரு கடற்காகம் பறந்து வந்தது. நடுக்கடலில் அந்த நாரையோடு பேசிய பறவை அது.

"உன் புருஷன் உயிரோடுதான் இருக்கிறானாம், தாயே. இறக்கை ஒடிந்து ஒரு பாறையில் கிடக்கிறானாம். எந்தப் பாறை என்று இந்த நாரைக்குத்தான் தெரியும்."

கடலில் பாறைக்கா பஞ்சம்? மெலித்தா ஒவ்வொன்றாகத் தேடித் தேடி ஓய்ந்துபோனாள். ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். இனி கதவே வேண்டாம் என்று வீட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு வெட்டவெளிக்கு வந்துவிட்டாள்.

அன்று முதல்தான் ஆள்காட்டி கூடு கட்டாமல் வெறுந்தரையில் முட்டையிடுகிறது. தூரத்தில் ஆள் தலை தெரிந்தாலே ஓடிவந்து சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. நம்மை விரட்டுகிறது என்று நாம் கல்லெடுக்கிறோம். அதுவோ, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்று அழுகிறது.