அடுப்படியில் மாட்டிய படம்

"இனிமே நான் வரல டீச்சர். இந்தாங்க பிரஷ், நீங்களே வச்சிக்கிடுங்க" என்றார் அருளப்பன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓவியம் சொல்லித் தரும் சலீமாவுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். இருந்தால் என்ன, குரு குருதானே!

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"நான் வரையறதுல ஆளும் இல்ல, மரமும் இல்ல. வெறும் கலரு. யாருக்குப் புரியும்? பிலோமினாவுக்கே புரியல."

பிலோமினா அவர் மனைவி. அவளுக்கென்று ஆசையாக வரைந்து கொடுத்த படம் அது. முழுக்க நீலம், அடியில் ஒரு மஞ்சள் கீற்று. அவ்வளவுதான்.

"என்ன சொன்னாங்க?"

"ஒரு மண்ணும் வெளங்கலன்னா. சொல்லிட்டு எங்க மாட்டினா தெரியுமா? அடுப்படியில! தாளிக்கிற இடத்துல! ஹால்ல அத்தனை சுவரு சும்மா கிடக்கு."

சலீமா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"வேற?"

"வேறென்ன, ஏச்சுதான். நேத்து பால் பொங்கி வழிஞ்சிட்டு. என் படத்தாலதானாம்."

"படம் என்ன செஞ்சுது?"

"அதையே பாத்துக்கிட்டு நின்னிருக்கா. அந்த மஞ்சளைப் பாத்தா, கதவுக்கு வெளிய யாரோ அவளுக்காகக் காத்துக்கிட்டிருக்க மாதிரி தோணுதாம். போயி வாசக்கதவைத் தொறந்து பாத்திருக்கா. ஒருத்தரும் இல்ல. திரும்பி வந்தா அடுப்பெல்லாம் பால். கிறுக்கச்சி!"

"நீங்க எதை நினைச்சு வரைஞ்சீங்க?"

அருளப்பன் தரையைப் பார்த்தார்.

"போன வருஷம் அவளுக்கு ஆபரேஷன். உள்ள கொண்டு போயிட்டாங்க. நான் வெளிய பெஞ்சில உக்காந்திருந்தேன். கதவுக்கு அடியில மட்டும் கொஞ்சூண்டு வெளிச்சம். அன்னைக்கு நான் செத்துப் பொழைச்சேன் டீச்சர்."

"அதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்ல? வெக்கமா இருக்காதா? அவ கண்ணு முழிச்சதும், வீட்டுச் சாவி எங்கன்னு கேட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல. அவளுக்கு எப்படித் தெரியும், நான் அங்க கதவுக்கு வெளிய..."

மனிதருக்குக் கண் கலங்கிப் போயிற்று.

மேசையில் வைத்த பிரஷ்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப்பையில் செருகினார்.

"வீட்டுக்குப் போறேன் டீச்சர். பால் வாங்கிட்டு வரச் சொன்னா."

"ரெண்டு பாக்கெட்டா வாங்கிட்டுப் போங்க" என்றாள் சலீமா.