டி. பொற்கொடியின் இதயப் படம்

ஓர் இதய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டருக்குள் ஒரு படம் குடியிருந்தது. எக்கோ ஸ்கேன் எடுத்தபோது பதிவான அசையும் படம். சில நொடி துடிக்கும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து துடிக்கும்.

அது பொற்கொடி என்ற கல்லூரிப் பெண்ணின் இதயம். இடப்பக்க வால்வு கொஞ்சம் இறுகியிருந்தது. "பயப்பட ஒண்ணுமில்ல, வருஷா வருஷம் வந்து காட்டுங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். போனவள் போனவள்தான்.

படம் காத்திருந்தது. வேலைக்குப் போகிறாளா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, ஒன்றும் தெரியவில்லை. உடையவள் எப்படி இருக்கிறாள் என்றே தெரியாமல் அவளுக்காகத் துடித்துக்கொண்டிருப்பது கொடுமை. ஏங்குவதைத் தவிர அதற்கு வேறு வேலையும் இல்லை.

அங்கே எல்லாரையும் கட்டி மேய்த்தது டேட்டாபேஸ். எந்தப் படம் யாருடையது, எந்தக் குறிப்பு எந்தப் படத்தோடு சேர வேண்டும் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. மகா கறார். ஆஸ்பத்திரியையே தான்தான் நடத்துவதாக அதற்கு நினைப்பு.

ஒரு நாள் பக்கத்து வரிசையில் புதிதாக ஒரு சிகிச்சைக் குறிப்பு வந்து உட்கார்ந்தது.

"நீ யாரோட குறிப்பு?" என்று படம் கேட்டது.

"எம். பொற்கொடி. ஆறு மாசக் கர்ப்பம். படுத்தா மூச்சு முட்டுது. இடப்பக்க வால்வு இறுகியிருக்குமோன்னு சந்தேகம்."

"அவதான். என் பொற்கொடி. கல்யாணம் ஆயிடுச்சா அவளுக்கு?" படத்தின் துடிப்பு எகிறியது. "எங்களைச் சேர்த்து வையேன்" என்று டேட்டாபேஸிடம் கெஞ்சியது.

"நீ டி. பொற்கொடி. இது எம். பொற்கொடி. ஆள் வேற."

"அவ அப்பா பேரு துரைராசு, அதனால டி. கல்யாணமானதும் புருஷன் பேரோட இனிஷியல் வந்திருக்கும். ஊர்ல நடக்கறதுதானே?"

"எனக்கும் தெரியும். ஆனா போன் நம்பர் வேற, விலாசம் வேற. பேரு ஒத்துப்போகுதுன்னு முன்னாடி ஒரு தடவை ரெண்டு பேரைச் சேர்த்து வச்சேன். ஒருத்தர் படத்தைப் பார்த்து இன்னொருத்தருக்கு மருந்து எழுதிட்டாங்க. அந்தம்மா பிழைச்சது பெரும்பாடு. சம்பந்தப்பட்டவங்க வாயால சொல்லாம இனி நான் யாரையும் சேர்க்கறதா இல்ல."



"அவங்க சொல்ல மாட்டாங்க" என்றது குறிப்பு. "'முன்பு இதய நோய் இல்லை'ன்னு என்மேல எழுதிட்டாங்க. அதைச் சுமக்க எனக்கே கூசுது. அது பொய்யின்னு காட்ட நீ ஒருத்தன்தான் இருக்கே. நீயும் பக்கத்துல வர முடியல."

மறுநாள் டாக்டர் ஜெசிந்தாவின் அறையில் பொற்கொடியும் அவள் கணவன் மணிவாசகமும் உட்கார்ந்திருந்தார்கள். சற்றுமுன் எடுத்த புதிய எக்கோ படம் திரையில் துடித்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு முன்னாடி எக்கோ எடுத்திருக்கீங்களாம்மா?"

"இல்லீங்க டாக்டர். நல்லாத்தான் இருந்தா" என்று மணிவாசகம் முந்திக்கொண்டான்.

பொற்கொடி தலை நிமிரவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முன்பு அம்மா சொன்னது அவள் காதிலேயே இருந்தது: "எக்கோ எடுத்ததை அங்க மூச்சு விடாதே. தெரிஞ்சா இந்தச் சம்பந்தம் நின்னுடும்." அவளும் மூச்சு விடாமல்தான் இருந்தாள்.

"பழைய படம் இருந்தா ஒப்பிட்டுப் பாக்கலாம்" என்றார் டாக்டர். "மெதுவா இறுகுற வால்வுன்னா பிரசவம் வரைக்கும் மாத்திரையே போதும். வேகமா இறுகுதுன்னா பலூன் விட்டு விரிக்கணும். குழந்தை வயித்துல இருக்கறப்ப அதுல ஆபத்து உண்டு. பழசு எதுவும் இல்லாததால, நான் பலூன்தான் யோசிக்கணும். இந்த வாரமே அட்மிட் ஆகிடுங்க."

உள்ளே பழைய படம் தவித்தது. சொல்லேன், சொல்லேன் என்று அடித்துக்கொண்டது. அவளுக்குக் கேட்கவா போகிறது?

பொற்கொடி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். வயிற்றுக்குள் குழந்தை புரண்டது.

"டாக்டர், டி. பொற்கொடின்னு தேடிப் பாருங்க. டி எங்க அப்பா இனிஷியல், துரைராசு. காலேஜ் படிக்கிறப்ப இங்கதான் எக்கோ எடுத்தோம். அப்பா போன் நம்பர்தான் குடுத்திருந்தோம், சொல்றேன்."

டாக்டர் தட்டினார். டேட்டாபேஸ் நம்பரைச் சரிபார்த்தது. ஒரு கேள்வி கேட்காமல் படத்தைக் கொண்டுவந்து குறிப்பின் பக்கத்தில் வைத்தது. குறிப்பிலிருந்த அந்தப் பொய்யை டாக்டரே அழித்தார்.

திரையில் இரண்டு இதயங்களும் அக்கம்பக்கமாகத் துடித்தன. டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"பெருசா மாத்தமில்லம்மா. பலூன் வேணாம், மாத்திரையிலயே சமாளிக்கலாம். ஆனா வாரா வாரம் வந்து காட்டணும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றான் மணிவாசகம்.

"சொன்னா வேணாம்னு போயிடுவீங்கன்னு பயம்."

அவன் முகம் இறுகிப்போயிருந்தது. நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இதுல எது பழசு டாக்டர்?"

"இடப்பக்கம் இருக்கறது."

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரைக்குள் புதிய படம் பழைய படத்தைக் கேட்டது: "இத்தனை வருஷமா நீ எங்க இருந்தே?"

"அவ தொண்டையில சிக்கிக்கிட்டு" என்றது பழைய படம்.